பிடரியில் இருக்கிற சேமிப்பு

கண்ணாடியில் எனக்கு எதுவும் தெரியவில்லை. யாரோ பின்னாலிருந்து எடுத்த ஒரு குழுப் படத்தில்தான் முதலில் பார்த்தேன். எல்லோரும் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறோம், என் உச்சந்தலையில் மட்டும் வெளிச்சம் பட்டுத் தோல் தெரிகிறது. அப்போது எனக்கு 29 வயது. அன்று இரவு ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பது படமாவது எடுத்திருப்பேன். முடியின் அடர்த்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்த பிறகுதான் மெலிவது கண்ணுக்கே தெரியும் என்று பிறகு ஒரு தோல் மருத்துவர் சொன்னார். அப்படியென்றால் நான் பார்த்த நாளுக்குச் சில வருடங்கள் முன்பே அது ஆரம்பித்துவிட்டது.

நான் செய்த முதல் தவறு, நேராக முடி நடும் கிளினிக் ஒன்றுக்குப் போனது. என்னைப் பார்த்தவர் மருத்துவர் இல்லை, ஆலோசகர். முன்பக்கம் ஒரு படம் எடுத்தார், பேனாவால் நெற்றியில் ஒரு கோடு போட்டார், 3500 கிராஃப்ட், அதாவது எடுத்து நடுகிற முடிக்கொத்து, வேண்டும் என்றார், எந்த வாரம் வசதி என்று கேட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தலையின் பின்பக்கத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வீட்டில் யாருக்கெல்லாம் வழுக்கை என்று கேட்கவில்லை, எத்தனை மாதமாகக் கொட்டுகிறது என்றும் கேட்கவில்லை. எனக்கோ அப்போது ஒரு தேதி கிடைத்ததே பெரிய நிம்மதியாக இருந்தது. முன்பணம் கட்டுகிற நிலையில்தான் அக்காவிடம் சொன்னேன்.

"அறுத்துக்கப் போறியாடா? மருந்து ஏதாவது சாப்பிட்டுப் பாத்தியா முதல்ல?"

"மருந்துன்னா ஆயுசு முழுக்க போடணும்க்கா. இது ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

"ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணு. ஒரு வாரத்துல எதுவும் ஓடிடாது."

ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நான் நம்பினேனே, அது எவ்வளவு தப்பு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்கிற உருப்பெருக்கிக் கருவியை உச்சந்தலையில் வைத்துத் திரையில் காட்டினார். பக்கத்துப் பக்கத்திலேயே தடித்த முடியும் நூல் மாதிரி மெலிந்த முடியும் கலந்து கிடந்தன. பரம்பரையாக வருகிற வழுக்கைக்கு இதுதான் அடையாளமாம். அதன்பிறகும் விடாமல் கேள்வி கேட்டார். கடந்த சில மாதங்களில் கடுமையான காய்ச்சல் வந்ததா, எடை சட்டென்று குறைந்ததா, ஏதாவது மாத்திரை புதிதாக ஆரம்பித்தேனா என்று. ஏனென்றால் அப்படி ஏதாவது நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், பிறகு தானாகவே வளர்ந்தும்விடும். அதற்குப் போய் யாராவது அறுவை செய்துகொண்டால் எவ்வளவு வீண். இரத்தத்தில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும், தைராய்டும் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. திட்டுத் திட்டாக உதிர்ந்தாலோ, தோல் சிவந்து தழும்பாகிக்கொண்டே போனாலோ அது வேறு நோய், அது அடங்காமல் நட்டால் நட்டதும் போய்விடும் என்றார்.

டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனை 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் என்கிற நொதி டிஹெச்டி என்கிற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. மரபிலேயே அதனால் எளிதில் பாதிக்கப்படுகிற மயிர்க்கால்கள் நெற்றியிலும் உச்சியிலும் இருக்கின்றன. ஒரு முடி சில வருடங்கள் வளர்ந்து, ஓய்வெடுத்து, உதிர்ந்து, திரும்ப முளைக்கும் இல்லையா, அந்த ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் கொஞ்சம் சுருங்குகிறது, கடைசியில் பூனைமுடிதான் மிஞ்சுகிறது. பிடரியிலும் காதுக்கு மேலேயும் இருக்கிற மயிர்க்கால்களை டிஹெச்டி பெரும்பாலும் தொடுவதில்லை. முழு வழுக்கை விழுந்தவர்களுக்கும் பின்னால் லாடம் மாதிரி முடி நிற்பது இதனால்தான்.

அறுவையும் இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நடக்கிறது. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைச் என்ற தோல் மருத்துவர் 1950களில் இதைக் கண்டார்: பின்னாலிருந்து எடுத்து முன்னால் நட்டால், அந்த முடி புது இடத்தின் குணத்தை எடுத்துக்கொள்வதில்லை, தன் பழைய குணத்தோடுதான் வளர்கிறது. எல்லா கிளினிக்கும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. நட்ட முடிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற முடியும் தன் குணத்தோடுதானே இருக்கும்? அது தொடர்ந்து மெலியும். 29 வயதில் முன் நெற்றியில் அடர்த்தியாக நட்டுவிட்டு வேறு எதுவும் செய்யாமல் விட்டால், 40இல் முன்னால் ஒரு வரிசை மட்டும் தீவு மாதிரி நிற்கும், அதற்குப் பின்னால் வெறும் மண்டை. முடி கொட்டுவதை அறுவை நிறுத்துவதில்லை, இருக்கிறதை இடம் மாற்றிவைக்கிறது, அவ்வளவுதான்.

அதோடு பிடரியில் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. முடி ஒன்றிலிருந்து நான்கு வரை சேர்ந்து ஒரு கொத்தாக வளர்கிறது, அந்தக் கொத்துதான் ஒரு கிராஃப்ட். பின்பக்கம் அசிங்கமாகத் தெரியாமல் வாழ்நாள் முழுக்க எடுக்கக்கூடியது பலருக்கும் 6000ஐச் சுற்றித்தான் இருக்கும், சிலருக்கு அதைவிடக் குறைவு. அதில் 3500ஐ ஒரே நாளில், வழுக்கை எதுவரை போகும் என்றே தெரியாத வயதில் செலவழிக்கப் பார்த்தேன். "பிடரியில இருக்கிறது சேமிப்பு மாதிரி, எடுக்கலாம், திரும்பப் போட முடியாது" என்றார் மருத்துவர். எனக்கு மனதில் தைத்தது அந்த வார்த்தைதான். ஒரு வருடம் மருந்து எடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று அனுப்பினார்.

மருந்து சுலபம் என்று சொல்லமாட்டேன். மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை, அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவுகிற மருந்தாக்கி 1988இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆரம்பித்த மூன்றாவது வாரம் எனக்கு இன்னும் அதிகமாகக் கொட்டியது. குளித்துவிட்டுக் கையைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஓய்வில் இருக்கும் பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புகிறது, பொறுங்கள் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அது மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அன்றே நிறுத்தியிருப்பேன். நிறைய பேர் அந்த வாரத்தில்தான் நிறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் அதேபோல் சில மாதங்களில் வந்ததெல்லாம் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம், மினாக்சிடில் கொஞ்சம் பட்டாலே பூனைகளுக்கு உயிர் ஆபத்து. தலையணை உறையைக்கூட அது நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிஹெச்டி உருவாவதைக் குறைக்கிற ஃபினாஸ்டரைடு மாத்திரை விஷயத்தில் இரண்டு மாதம் யோசித்தேன். பிறவியிலேயே டிஹெச்டியை உண்டாக்கும் அந்த நொதி சரியாக வேலை செய்யாத சில குடும்பங்களை டொமினிக்கன் குடியரசில் ஆராய்ந்து 1974இல் எழுதினார்கள். அந்த ஆண்களுக்கு வளர்ந்த பிறகும் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த வழியில் பிறந்த மருந்து இது. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் 1992இலும், முடிக்கு 1 மில்லிகிராம் 1997இலும் அமெரிக்காவில் வந்தன. பயம் எங்கே என்றால் பக்கவிளைவில். சோதனைகளில் பாலுறவு சார்ந்த தொந்தரவு சொன்னவர்கள் 100க்கு 4 பேருக்குச் சற்றுக் குறைவு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 2 பேர் அளவுக்குச் சொன்னார்கள். எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் நிறுத்திய பிறகும் சிலருக்கு அது நீடித்ததாகத் தெரிவித்திருக்கிறார்கள். மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் உண்டு; தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுதான் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதி செய்தது. அதனால் மருத்துவரிடம் மறைக்காமல் பேசுங்கள். முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். முடிக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக்கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் பாதிக்கும். வயதானவர்கள் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதும் இந்த மாத்திரையைச் சொல்ல வேண்டும், அது அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

நான் எடுத்துக்கொண்டேன், எனக்கு ஒத்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் ஒரே விளக்கின் கீழ் படம் எடுத்தேன். ஒரு வருடத்தில் கொட்டுவது நின்றது. உச்சி நன்றாகவே மூடியது, அதைப் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நெற்றியின் இரண்டு ஓரமும் மட்டும் அப்படியே இருந்தன. முழுதாகச் செத்துப்போன மயிர்க்காலை மருந்து எழுப்பாது, அங்கேதான் அறுவைக்கு வேலை.

இரண்டாவது வருட முடிவில்தான் நட்டுக்கொண்டேன். வேறு இடம், பிடரியைச் சதுரம் சதுரமாக அளந்து பார்த்த மருத்துவர். 3500 இல்லை, ஓரங்களுக்கு மட்டும் 1400. பின்தலையை மழித்து, குப்புறப் படுக்கவைத்து, ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னதான குழாய் ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மரத்துப்போக வைக்கிற அந்த ஊசிகள் மட்டும்தான் வலித்தன. மூன்றாம் நாள் நெற்றி வீங்கிக் கண் வரை இறங்கியது, பத்து நாளில் பொருக்கெல்லாம் உதிர்ந்தது, நான்காவது வாரத்துக்குள் நட்ட முடியும் முக்கால்வாசி உதிர்ந்துபோனது. அது இயல்புதான், வேர் உள்ளே இருக்கிறது, நான்காவது மாதம்தான் எட்டிப்பார்க்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம். ஆக "ஒரே நாள்" என்று நான் நினைத்ததற்கும் மருந்து அளவுக்கே பொறுமை தேவைப்பட்டது.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. 50 வயதைத் தாண்டி, பல வருடமாக வழுக்கை ஒரே அளவில் நின்றுவிட்டவர் மருந்தே வேண்டாம் என்று நேராக நட்டுக்கொண்டால் அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. தீக்காயத் தழும்பில் மருந்தால் ஒன்றும் ஆகாது. பெண்களுக்குக் கதையே வேறு. அக்காவுக்கும் இப்போது வகிடு அகலமாகிக்கொண்டு வருகிறது. பெண்களுக்குப் பரவலாக மெலியும்போது பிடரியும் சேர்ந்து மெலிந்திருக்கலாம், அப்போது எடுத்து நடுவதற்கே எதுவும் இருக்காது. அவளுக்கு ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருந்தது, முதலில் அதைச் சரிசெய்கிறார்கள், கூடவே மினாக்சிடில். போன வாரம் கொட்டுவது அதிகமாகிவிட்டதென்று பயந்துபோய்ப் பேசினாள். எத்தனையாவது வாரம் என்று கேட்டேன். மூன்று என்றாள். நிறுத்திடாதேக்கா என்றேன்.

எனக்கு நட்டு இது ஒன்பதாவது மாதம். ஓரங்கள் நிரம்பிக்கொண்டு வருகின்றன. மாத்திரையும் மருந்தும் இன்னும் தொடர்கின்றன, நட்ட முடிக்காக இல்லை, அதைச் சுற்றி இருக்கிற முடிக்காக.