காந்தத்தில் ஒட்டிய போலந்துக் காசு

பினாங்கு துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக இருந்த என் அப்பாவுக்குப் போலந்துக் கப்பலின் மாலுமி ஒருவர் கொடுத்துச் சென்ற காசு, அப்பா காலமான பின் அம்மாவின் சாமியறையிலிருந்து என் கைக்கு வந்தது. முடியற்ற கழுகும், பத்தாம் நூற்றாண்டில் போலந்தை ஆண்ட மியெஷ்கோ, அவர் மனைவி டோம்ப்ரூவ்கா இணையரின் உருவமும், 1966 என்ற ஆண்டும் அதில் இருந்தன. 966இல் மியெஷ்கோ திருமுழுக்குப் பெற்றதைப் போலந்து அரசின் தொடக்கமாகக் கொண்டு, அதன் ஆயிரமாவது ஆண்டுக்கு வெளியிட்ட 100 ஸ்லோட்டி நாணயம் அது. ஆனால் புழக்கத்துக்கு வந்த நாணயத்தில் இல்லாத ‘ப்ரூபா’ என்ற சொல்லும் என் காசில் இருந்தது. போலந்து மொழியில் அதற்குச் ‘சோதனை’ என்று பொருள்.

லிட்டில் இந்தியாவில் எனக்குப் பழக்கமான பத்தர் காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் காசு பட்டென்று ஒட்டிக்கொண்டது. “இது வெள்ளி இல்லை தம்பி, இரும்பு” என்று அவர் திருப்பித் தந்தபோது, போலி என்றே நானும் முடிவுசெய்தேன். வெளியிடப்பட்ட நாணயம் 90 விழுக்காடு வெள்ளி. அது காந்தத்தில் ஒட்டாது.

பின்னர்தான், வார்சாவின் அக்கசாலை, அதாவது நாணயம் அச்சிடும் ஆலை, தன் சோதனைக் காசுகள் பலவற்றை நிக்கலிலும், பெரும்பாலும் வகைக்கு 500 காசுகள் என்ற அளவில், அச்சிட்டது என்பதையும், நிக்கலைக் காந்தம் இழுக்கும் என்பதையும் அறிந்தேன். தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி அடிப்பகுதியைத் தொடாமல் முக்கினேன். காசின் எடையை அப்போது தராசு காட்டிய எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். மும்முறை செய்தும் விடை நிக்கலின் அடர்த்தியான 8.9ஐ ஒட்டியே வந்தது. இரும்பாக இருந்திருந்தால் 7.9, வெள்ளிக் கலவையாக இருந்திருந்தால் ஏறத்தாழ 10.3 வந்திருக்க வேண்டும்.

சாதாரணக் காசில் பிற்காலத்தில் எழுத்தைக் குத்தி ஏமாற்றுவோரும் உண்டு என்பதால், உருப்பெருக்கியால் அச்சொல்லைச் சுற்றிப் பார்த்தேன். உலோகம் பிதுங்கவில்லை, பின்புறமும் நசுங்கியிருக்கவில்லை.

வெளிநாட்டுத் தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்குப் பதிவஞ்சலில் அனுப்பினேன். படிவங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, காத்திருப்புதான் நீண்டது. உண்மையான காசு என்று சான்று வந்தது. ஆனால் காசின் நிலையைக் குறிக்கும் தர எண் தரப்படவில்லை, ‘தேய்த்துத் துலக்கப்பட்டது’ என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. ஆண்டுதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து அம்மா அதையும் புளி போட்டுத் துலக்கி வந்திருக்கிறார். இப்போது அது முத்திரையிட்ட நெகிழிப் பேழைக்குள் இருப்பதால், வரும் தீபாவளிக்கு அம்மா பேழையை மட்டும்தான் துடைக்க முடியும்.