சிவந்துவிட்டது, பழுக்கவில்லை

பட்டிவீரன்பட்டியில் ஒரு காப்பி கியூரிங் ஒர்க்ஸில், அதாவது காய்ந்த காப்பியை உமி நீக்கித் தரம் பிரிக்கும் ஆலையில், ஏழு வருடம் சாம்பிள் சுவைத்துப் பார்த்தேன். தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கத்திலிருந்து வரும் கொட்டையை இளவறுப்பாக வறுத்து அரைப்போம். கிண்ணத்துக்கு எட்டேகால் கிராம் தூள், கொதித்து அடங்கிய வெந்நீர் 150 மில்லி. நாலு நிமிடம் கழித்து மேலே கட்டிய தூளை ஸ்பூனால் கலைத்து, கொஞ்சம் ஆறியதும் சத்தமாக உறிஞ்சித் துப்ப வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது.

ஒரு ஜனவரியில் ஒரே தோட்டத்தின் இரண்டு துண்டுகளிலிருந்து ஒவ்வொரு சாம்பிள் வந்தது. இரண்டும் 795 என்ற அராபிகா ரகம், ஏறக்குறைய ஒரே உயரம், பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரமும் ஒன்றே. முதலாவதில் கமலா ஆரஞ்சின் புளிப்பு. ஆறிய பிறகும் இனிப்பு நாக்கில் நின்றது. மற்றது சப்பென்று, வேர்க்கடலைத் தோலை மென்றது போலத் துவர்த்தது. வறுத்ததிலும் வெளிறிய கொட்டைகள் நிறைய. குவேக்கர் என்போம், முற்றாத காயிலிருந்து வருபவை. ‘பச்சைக்காய் கலந்திருக்கிறது, தோல் உரித்த பிறகு தொட்டியிலும் சரியாக ஊறவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பல்ப்பரைப் பார்த்துக்கொண்டவருக்குத் திட்டு விழுந்தது. சிவந்ததை மட்டும்தான் பறித்தோம் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

அடுத்த நவம்பரில் மேலே அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வடகிழக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழுக்கும் நேரத்தில் இந்த மழை வந்து பழத்தை வெடிக்க வைப்பது அந்த மலையின் பழைய தலைவலி. அது இரண்டு துண்டுக்கும் பொதுதான். சப்பென்ற சாம்பிள் வந்த துண்டுக்குள் நுழைந்ததும் கண் கூசியது. நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை இரண்டு வருடம் முன்பு பலகைக்காக வெட்டி விற்றிருந்தார்கள். செடிகளில் காய்ப்பு என்னவோ அபாரம், கொத்துக் கொத்தாக. ஆனால் இலை மஞ்சளடித்து, கிளை நுனிகள் காய்ந்திருந்தன.

பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா இரண்டு பழத்தை நீட்டினார். “வாயில போட்டுப் பாருங்க தம்பி.” நிழலில் விளைந்ததைப் பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வந்தது, விரலெல்லாம் பிசுபிசுப்பு, தேன் மாதிரி. வெயில் துண்டுப் பழத்தில் தோல்தான் சிவப்பு. கொட்டை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சப்பினால் வெள்ளரிக்காய்த் தண்ணீர். அந்தத் துண்டுப் பழத்தை ஒரு வாளி நீரில் கொட்டினோம். ஐந்தில் ஒன்று மிதந்தது, உள்ளே சரியாக நிரம்பாதது.

அராபிகா பூத்துப் பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். குளிர்ந்த இடத்தில் இன்னும் நிதானமாகப் பழுக்கும். அந்த நிதானத்தில்தான் கொட்டை கெட்டிப்பட்டு இனிப்பு ஏறுகிறது. உயரம் செய்யும் அதே வேலையை ஓரளவு நிழலும் செய்கிறது. நிழல் போனால் செடி தன் இலைகளால் ஊட்ட முடியாத அளவுக்குக் காய்க்கும். சூடு தோலை அவசரமாகச் சிவக்க வைக்கும், உள்ளே பாதிதான் நிரம்பியிருக்கும். போதாததற்கு வெயில் படும் தண்டுதான் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற வண்டுக்குப் பிடித்த இடம். அங்கும் சில செடிகள் வாடி நின்றன.

கீழே வந்து பல்ப்பர்காரரைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்றேன். “சரி விடுங்க சார், அதான் அப்பவே சொன்னேனே” என்றார். அவர் குரலில் கோபம் போகவில்லை.

அந்தத் துண்டில் இப்போது முள்முருங்கைப் போத்து நட்டிருக்கிறார்கள். அதன் பழம் இன்னும் தனிச் சாக்கில்தான் இறங்குகிறது.