மேற்பூச்சு

போர் முடிந்த அடுத்த ஆண்டு மட்டக்களப்பில் ஒரு திருச்சபையின் சமூகப்பணிப் பிரிவில் ஊழியனாகச் சேர்ந்தபோது, செங்கலடியை அண்டிய கிராமங்களில் கிழமைக்கு ஒருமுறை வேதாகம வகுப்பு நடத்துவது என் பொறுப்பாயிற்று. தலைப்பு சமாதானம். மன்னிப்பைப் பற்றிய வசனங்களை அடுக்கி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் அப்போது எண்ணியிருந்தேன்.

சித்தாண்டியிலிருந்து வந்த ஓர் அம்மா வகுப்பு முழுவதும் ஒரு சொப்பிங் பையை மடியில் வைத்திருந்தார். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பிவராத 158 பேரில் அவருடைய மகனும் ஒருவன். பைக்குள் அவனுடைய படமும், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும், ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்களும் மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுநாடா ஒட்டப்பட்டுக் கிடந்தன. “மன்னிக்கிறதுக்கு ஆள் வேணுமே மனே, ஆரை மன்னிக்கச் சொல்றாய்?” என்றார். நான் அடுத்த வசனத்தை வாசித்தேன்; அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அன்றிரவு எரேமியா 6:14இல் நின்றுவிட்டேன். சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் என்று சொல்லி, ஜனத்தின் காயங்களை ‘மேற்பூச்சாய்’க் குணமாக்குகிறார்கள் என்கிறார் தீர்க்கதரிசி. முந்திய வசனத்தைப் பார்த்தால், அவர் சாடுவது படைத்தலைவர்களை அல்ல, தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும், அதாவது என் தொழில்காரரை. சமாதானத்துக்கு எபிரேயத்தில் வழங்கும் ‘ஷாலோம்’ குறைவின்மையைச் சுட்டும் சொல். திருடியவன் ஈடுகொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 22 விதிக்கும்போது வரும் வினையும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஈடில்லாத சமாதானத்தை அந்த மொழியே ஏற்காது போலும். அதன்பின் வகுப்பை மாற்றினேன்: முதலில் அவர்கள் பேசினார்கள், நான் எழுதிக்கொண்டேன்.

ஆனால் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் நாம் இருக்கும்வரை அந்த வாசிப்பு வசதியானதுதான். முஸ்லிம் ஊரான காத்தான்குடியை ஒட்டிய தமிழ்க் கிராமம் ஆரையம்பதியில் மத்தேயு 5:23ஐ எடுத்தேன். காணிக்கையோடு வந்தவன் நினைக்க வேண்டியது சகோதரன்மேல் தனக்குள்ள குறையை அன்று; ‘உன்பேரில் உன் சகோதரனுக்கு’ உள்ள குறையை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைச் சொன்னேன். அறை இறுகியது. “அதை நாங்களா செய்தம், ஐயா?” என்று ஓர் இளைஞன் கேட்டான். நியாயமான கேள்வி. செய்தவர்கள் யாராயிருந்தாலும் நம் பெயரால் செய்தார்கள் என்றேன். அவன் ஒப்பவில்லை, ஆனால் அடுத்த கிழமையும் வந்தான்.

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலய முற்றத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டபின், குடும்பங்களிடம் மன்னிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். இழப்பீட்டுப் படிவங்களை நிரப்பிக்கொடுக்கவே போய்வந்தேன். எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் ஒரு பிரதியைக் கையில் வைத்திருக்கும்படி எல்லாரிடமும் சொன்னேன். அது சித்தாண்டி அம்மாவின் பையிலிருந்து கற்றது.