முக்கால் கிலோ கோடாலி

முதுகுப்பையோடு நடக்கிறப்போ ஒவ்வொரு கிராமும் தோளுக்குத் தெரியும். அதனாலயே கையடக்கமா ஒரு கோடாலி தேடி ஒரு வாரம் அலைஞ்சேன். ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7-ங்கிற கம்பெனிக் கோடாலி 640 கிராம்தான், ஆனா விலை கட்டுப்படியாகலை.

கடைசியில நம்ம கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு கொல்லுப்பட்டறையில கிடைச்சது. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்ச தலை, கருவேலங்காம்பு, தராசுல முக்கால் கிலோ, 400 ரூபாய். பெரியவர் காம்பைக் கண்ணுக்கு நேரா நீட்டி, "ரேகை நீளவாக்குல ஓடணும் தம்பி. குறுக்கே ஓடினா ரெண்டே போடுல முறிஞ்சிடும்"னார். தலை கழறாம காம்புல இறக்கியிருந்த ஆப்பை இன்னொரு தட்டு தட்டி இறுக்கிக் கொடுத்தார். அந்த அக்கறைக்கே கூடக் கொடுக்கலாம்.

காப்புக்காட்டுக்குள்ள இதை எடுக்கவே மாட்டேன், அங்க மரம் வெட்டுறது குற்றம். தனியார் தோப்புல தங்குறப்போ சுள்ளி பிளக்க, கூடார முளை அடிக்க மட்டும்தான்.

பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வாய்க்கு உறை போட்டாச்சு. காம்புக்கு இன்னிக்கு ராத்திரி ஆளிவிதை எண்ணெய் தடவணும்.