பிள்ளையார் வாகனம் என் வாகனத்துல

போன வாரம் ஒரு ஃப்ரெண்ட் போன் பண்ணி "டேய், கார்ல ஏசி போட்டா செத்த நாத்தம் அடிக்குதுடா, என்ன பண்றது"ன்னு கேட்டான். முதல்ல எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, சிரிச்சது தப்புதான், ஆனா இந்த விஷயத்துல நான் கொஞ்சம் அடிபட்ட ஆளு. "எலி மருந்து வெச்சியா?"ன்னு கேட்டேன். வெச்சானாம். அவ்ளோதான், தின்ன எலி நேரா ஏசி ப்ளோவர் குள்ள போய் செத்திருக்கும், டேஷ்போர்டை கழட்டாம அது வெளிய வராதுன்னு சொன்னேன். அந்த பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

என் கதை 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது. மடிப்பாக்கத்துல வாடகை வீடு, கீழ ஸ்டில்ட் பார்க்கிங், ஆபீஸ் வேலை எல்லாம் வீட்ல இருந்தேதான், அதனால கார் மாசத்துக்கு ரெண்டு தடவை வெளிய போனா பெரிசு. அந்த வருஷம் மழை வேற சொல்லவே வேணாம், பக்கத்து காலி மனை எல்லாம் ஏரி மாதிரி நின்னுச்சு, அங்க வளையில இருந்த எலி பெருச்சாளி எல்லாம் எங்க போகும், மேடா காஞ்சு இருக்கற எடம் நம்ம பார்க்கிங் தான். மூணு வாரம் கழிச்சு வண்டிய எடுக்கறேன், ஸ்டார்ட் ஆகுது ஆனா ஜுரம் வந்த மாதிரி உதறுது, செக் இன்ஜின் லைட் மஞ்சளா எரியுது.

பக்கத்து தெரு மெக்கானிக் அண்ணன கூட்டிட்டு வந்தேன். அவர் பானட்டை தூக்கி இன்ஜின் மேல இருக்கற பிளாஸ்டிக் கவரை கழட்டினார், ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "சார், உள்ள ஒரு குடும்பமே நடந்திருக்கு சார்"ன்னார். எட்டி பாத்தா பானட்டுக்கு அடியில இருக்குமே ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு ஷீட், அத பிச்சு பிச்சு மெத்தை போட்டிருக்கு, அதுக்கு மேல நியூஸ்பேப்பர் துண்டு, வெங்காய தோலு, முட்டை ஓடு, நல்லா நக்கி வெச்ச கோழி எலும்பு நாலு. கறி விருந்து நடந்த வீடு. எங்க ஃபிளாட் மெயின்டனன்ஸ் பில்லு கூட பாதி கிடந்துச்சு, நாங்களாவது லேட்டா கட்டுவோம், எலி வாங்கி அப்படியே கிழிச்சு போட்டிருச்சு. இன்ஜெக்டருக்கு போற வயர் ரெண்டு இடத்துல கட்.

சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணா (பேரு வேணாம்) வயர ஒட்ட மாட்டோம், ஹார்னஸ்னு மொத்த வயர் கட்டையே மாத்தணும், 38,000 ஆகும்னாங்க. நம்ம மெக்கானிக் அண்ணன் அதே வயர ஒவ்வொண்ணா எடுத்து சால்டர் வெச்சு, ஸ்லீவ் போட்டு, மேல டேப் சுத்தி 1,200 ரூபாய்க்கு முடிச்சு கொடுத்தார். இன்னிக்கு வரைக்கும் ஓடுது. "பிள்ளையாருக்கே வாகனம் சார் அது, உங்க வாகனத்துல ஏறினா கோச்சுக்கலாமா"ன்னு வேற போறப்ப சொல்லிட்டு போனார். 1,200 ரூபாய் கையில வாங்கினவருக்கு ஜோக் வரும், எனக்கு வரல.

ஏன் நம்ம கார தேடி வருதுன்னா, யோசிச்சு பாத்தா எலி இடத்துல நானா இருந்தாலும் அங்கதான் போவேன். ஓட்டிட்டு வந்து நிறுத்தின இன்ஜின் சூடு ஆற சில மணி நேரம் ஆகும், இருட்டு, மழை படாது, நாயோ பூனையோ சுலபமா கை விட முடியாது, ஏறி வர்றதுக்கு டயர் இருக்கு, படுக்க ஸ்பாஞ்ச் இருக்கு. பல்லு கதை தனி. எலிக்கு முன்பல்லு சாகற வரைக்கும் வளந்துட்டே இருக்கும், வருஷத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல கூட வளரும், தேய்க்கலன்னா வாய மூட முடியாது, அதனால பசிக்காக மட்டும் கடிக்கறது இல்ல, எது கிடைச்சாலும் கடிச்சு தேய்க்கும். இப்ப வர்ற வயர் மேல் உறையில சோயா கலக்கறாங்க, அந்த ருசிக்குத்தான் வருதுன்னு அமெரிக்காவுல கோர்ட்டு கேஸ் வரைக்கும் போனாங்க. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. எங்க தாத்தா மொபெட்ல சோயாவும் இல்ல ஒண்ணும் இல்ல, அத எலி விட்டு வெச்சுதா என்ன. ஹோண்டா கம்பெனி மிளகா காரம் ஏத்தின ஒரு டேப்பே விக்கறாங்க, வயர் மேல சுத்தறதுக்குன்னே. ஐடியா நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஊரு எலிக்கு ஊறுகாயே பழக்கம், காரத்துக்கு பயப்படுமான்னு தெரியல.

சரி அதுக்கப்புறம் நான் பண்ணாத வைத்தியம் இல்ல. ஊர்ல எல்லாரும் சொல்றது புகையிலை. கடையில பட்டை புகையிலை வாங்கி நூல் போட்டு கட்டி நாலு மூலையிலயும் தொங்க விட்டேன். ரெண்டாவது வாரம் பாத்தா நூலை கடிச்சு புகையிலையை கீழ இறக்கி கூட்டுக்குள்ளயே விரிச்சு வெச்சிருக்கு, சாப்பாடு ஆனதும் ஒரு வாய் போட்டுக்கும் போல. அந்துருண்டை போட்டேன், எலிக்கு ஒண்ணும் ஆகல, ஏசி போட்டா எனக்கும் என் வொய்ஃபுக்கும் தலைவலி, அம்மா பழைய பட்டுப்புடவ பீரோக்குள்ள உக்காந்து பயணம் பண்ற மாதிரி ஒரு வாசனை. பொறியில மசால் வடை வெச்சேன், ரெண்டு சுண்டெலி மாட்டிச்சு, மூணாவது நாள்ல இருந்து வடைய மட்டும் எடுத்துட்டு போக கத்துகிச்சு. கடைசியா வேலைக்கு ஆனது என்னன்னா, கீழ தெறந்து கிடக்கற எடத்துல எல்லாம் மெக்கானிக் அண்ணன் கம்பி வலை அடிச்சு கொடுத்தார், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வண்டிய சும்மாவாவது எடுத்து தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன், அப்புறம் எங்க அபார்ட்மென்ட் குப்பை டிரம்ம என் பார்க்கிங் பக்கத்துல இருந்து மாத்த வெச்சேன். வலை அடிக்க ஒரு மணி நேரம், டிரம்ம மாத்த அசோசியேஷன்ல மூணு மாச சண்டை.

எலி வந்தா பின்னாடியே பாம்பு வரும்ங்கறது இன்னொரு பயம். அந்த மழையிலயே எதிர் வீட்டு ஸ்கூட்டர்ல முன்னாடி ஹெட்லைட் பக்கத்து கவருக்குள்ள சாரைப்பாம்பு ஒண்ணு போய் உக்காந்துகிச்சு, குச்சி விட்டு குத்த பாத்தாங்க, நல்லவேளை யாரோ ஒருத்தர் தடுத்து ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணாங்க, அவங்க வந்து ஸ்க்ரூ கழட்டி எடுத்துட்டு போனாங்க. பாவம் அது எலிய தேடித்தான் வந்திருக்கும், நியாயமா பாத்தா நம்ம கட்சி.

நெட்ல தேடிப்பாத்தா ஊருக்கு ஊர் ஒரு பிராணி இந்த வேலைய பண்ணிட்டு இருக்கு. ஜெர்மனில மார்டென்னு ஒண்ணு, கிட்டத்தட்ட நம்ம மரநாய் மாதிரி சைஸ், அது ராத்திரி கார்குள்ள புகுந்து ரப்பர் ட்யூப் வயர் எல்லாம் கடிக்கும், இன்சூரன்ஸ்ல அதுக்கு தனி பேரே இருக்கு. அதுல ஒரு தமாஷ் என்னன்னா, ஒரு தெருவுல நிறுத்தின கார்ல அந்த தெரு மார்டென் தன் வாசனைய விட்டுட்டு போயிருக்கும், அதே கார அடுத்த தெருவுல நிறுத்தினா அங்க இருக்கறவன் "எவன்டா என் ஏரியாவுல"ன்னு அந்த கோவத்துல கடிச்சு குதறிடுவானாம். கலிஃபோர்னியாவுல செக்வோயா நேஷனல் பார்க்ல மினரல் கிங்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்க மார்மட்னு தடியா ஒரு அணில் இனம், கூலன்ட் ட்யூபையே கடிச்சு வெச்சிடும், அதுக்கு பயந்து ட்ரெக்கிங் போறவங்க தார்ப்பாய கீழ விரிச்சு அது மேல கார ஏத்தி, நாலு பக்கமும் மேல இழுத்து பொட்டலம் மாதிரி கட்டிட்டு போறாங்க. போட்டோ பாத்தா வரிசையா லட்டு பார்சல் நிக்கற மாதிரியே இருக்கும். 2021ல அமெரிக்காவுல ஃபார்கோங்கற ஊர்ல ஒருத்தர் ட்ரக்குக்குள்ள ஒரே ஒரு அணில் சேத்து வெச்ச வால்நட் 42 கேலன், நம்ம கணக்குல 150 லிட்டருக்கு மேல. அணில்னதும் தான் எனக்கு சொல்ல வந்த மெயின் கதை ஞாபகம் வருது.

2023 பொங்கலுக்கு கார்லயே ஊருக்கு போனோம், அம்பாசமுத்திரம் பக்கம். அப்பாவுக்கு கண்ணு ஆபரேஷன் இருந்துச்சு, ஆஸ்பத்திரிக்கு போக வர வசதியா இருக்கும், தம்பி ஓட்டிப்பான்னு வண்டிய அங்கயே விட்டுட்டு நாங்க ரயில்ல திரும்பிட்டோம். தம்பி ஓட்டல, அவங்க ஆட்டோலயே போய் வந்துட்டாங்க, வண்டி கொல்லையில மாமரத்தடி ஷெட்டுல அப்படியே நின்னுச்சு. மார்ச் கடைசில நான் போய் பானட்ட தூக்கறேன், பேட்டரிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கற சந்துல ஃபுட்பால் சைஸ்ல ஒரு கூடு. தேங்கா நாரும் பஞ்சும் சேத்து அவ்ளோ நெருக்கமா பின்னியிருக்கு, பக்கவாட்டுல ஒரு ஓட்டை. உள்ள ரெண்டு குட்டி, கண்ணு தெறக்கல, முதுகுல கோடு இப்பதான் பென்சில்ல இழுத்த மாதிரி லேசா தெரியுது. நான் மூஞ்சிய கிட்ட கொண்டு போனதும் மாமரத்துல இருந்து தாய் அணில் வால தூக்கி தூக்கி அடிச்சு கத்துது பாருங்க, தெருவே திரும்பி பாத்திருக்கும்.

அம்மா பின்னாடியே வந்துட்டாங்க. "ஏல, அதத் தொடாதல. குட்டி போட்டுருக்குன்னு எனக்கு அப்பமே தெரியும்."

"தெரிஞ்சா போன்ல சொல்லக்கூடாதாம்மா?"

"சொன்னா நீ தம்பிகிட்ட சொல்லி எடுத்து வெளிய போடச் சொல்லுவ. ராமரு தடவிக் குடுத்த முதுகுல அது. இறங்கிப் போற வரைக்கும் வண்டி இங்கனயே நிக்கட்டும்."

எலிக்கு மசால் வடையும் பொறியும், அணிலுக்கு மட்டும் ராமர் சிபாரிசான்னு கேட்டேன். "அது வேற, இது வேற"ன்னு போயிட்டாங்க. ரெண்டுமே கொறிக்கற சாதிதான்னு அங்க நின்னு விளக்கவா முடியும். வண்டிய ஸ்டார்ட் பண்ணவும் எனக்கு பயம்தான், நார் காஞ்சு கிடக்கு, இன்ஜின் சூட்டுல ஒரு பொறி பட்டா குட்டி, காரு, ஷெட்டு, மாமரம் எல்லாம் சேந்து போகும். அடுத்த நாள் மதுரையில கல்யாணம், பட்டு வேட்டியோட பஸ்ல நின்னுட்டே போனேன். "கார் என்னாச்சு?"ன்னு கேட்ட சொந்தக்காரங்க எல்லாருக்கும் "அணில் குட்டி போட்டிருக்கு"ன்னு பதில் சொல்லி சொல்லி சாப்பாட்டு பந்தியில நானே மெயின் ஐட்டம் ஆயிட்டேன்.

என்ன மாதிரி ஆளுங்க வேற எடத்துலயும் இருக்காங்கன்னு ஒரு ஆறுதல். 2020ல துபாய் இளவரசர் ஷேக் ஹம்தானோட மெர்சிடஸ் மேல ஒரு புறா கூடு கட்டிடுச்சு, அவர் வண்டிய சுத்தி டேப் கட்டி யாரையும் கிட்ட விடல. அவருக்கு அடுத்த கார் இருக்கும், பட்டு வேட்டியோட பஸ்ல நிக்க வேண்டியது இல்ல. நான் அசந்து போனது சிவகங்கை மாவட்டம் பொத்தகுடிதான். அதே 2020ல தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள்ள ஒரு குருவி முட்டை போட்டிருக்குன்னு ஊரே சேந்து ஒரு மாசத்துக்கு மேல விளக்கு போடாம இருட்டுல நடந்தாங்க. எங்க அபார்ட்மென்ட்ல குப்பை டிரம்ம நாலடி நகத்தறதுக்கு நடந்த மீட்டிங்க நெனச்சு பாக்கறேன்.

பூனை மேட்டரும் சொல்லிடறேன். பூனை குட்டிய ஏழு வீடு மாத்தும்னு சொல்லுவாங்களே, அந்த ஏழுல ஒரு வீடு கண்டிப்பா யாரோ ஒருத்தர் காரு. எங்க செகண்ட் ஃப்ளோர் சார் கிண்டி வரைக்கும் ஓட்டிட்டு போய் சிக்னல்ல நிக்கறப்ப மியாவ்னு கேட்டிருக்கு, இறங்கி பாத்தா ஃபேன் பக்கத்துல குட்டி, உயிரோட இருந்தது அதோட அதிர்ஷ்டம். ஜப்பான்ல நிஸான் கம்பெனி 2015ல இதுக்குன்னே "நெக்கோ பன்பன்"னு ஒரு பிரச்சாரம் பண்ணாங்க, நெக்கோன்னா பூனை, பன்பன்னா தட்டற சத்தம், வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பானட்ட ரெண்டு தட்டு தட்டுங்கன்னு. நானும் இப்ப தட்டறேன். எங்க வாட்ச்மேன் முதல் வாரம் ஒரு மாதிரி பாத்தார், இப்ப நான் மறந்தா அவரே "சார், கதவ தட்டல"ங்கறார்.

மே மாசம் லீவுக்கு மறுபடி ஊருக்கு போனப்ப கூடு காலி, குட்டி ரெண்டும் மாமரத்துல பழம் தின்னுட்டு ஓடிட்டு இருந்துச்சு. சேதாரம் வைப்பர் தண்ணி ட்யூப் மட்டும்தான், 150 ரூபா. கூட்ட முழுசா எடுத்து திண்ணையில வெச்சு பிரிச்சு பாத்தோம், வீட்டுக்கு ஒரு சென்சஸ் எடுத்த மாதிரி. வாசல் கால்மிதியோட நாரு, பழைய தலகாணி பஞ்சு, கோயில் கயிறு ஒண்ணு, அம்மா கொடியில போட்ட துண்டோட ஓரத்து நூலு, நடுவுல குட்டி படுக்கற எடத்துல மெத்துன்னு நீல கலர்ல துணி, நல்லா கிழிச்சு கிழிச்சு நிரவி வெச்சிருக்கு. அம்மா அத கையில எடுத்து வெளிச்சத்துல பாத்தாங்க. என் பழைய நீல லுங்கி. பொங்கல்ல இருந்து காணோம்னு தேடிட்டு இருந்தது, அப்பாதான் சைக்கிள் தொடைக்க கிழிச்சிட்டார்னு ரெண்டு மாசம் வீட்ல பேச்சு நடந்திருக்கு.

அப்பா ஈஸிசேர்ல இருந்து எந்திரிக்கவே இல்ல. கருப்பு கண்ணாடிய ஏத்தி விட்டுகிட்டு, "அந்தத் துணிய இங்கன குடுல, பாக்கேன்"ன்னார்.