அப்பாவின் அம்பாசிடர் அமெரிக்கா போன கதை

"ஸ்டீயரிங்கை இடது பக்கம் மாத்தணுமே, அதுக்கு என்ன செய்யப் போறீங்க?" அப்பாவின் வண்டியை நியூஜெர்சியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பப் போகிறோம் என்றதும் மதுரையில் ஒருவர் விடாமல் கேட்டது இதைத்தான். அங்கே சாலையின் வலது பக்கம் போவார்கள், ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். இஸ்திரி வண்டிக்காரர்கூடக் கேட்டார். சரி, அதையே முதலில் விசாரிப்போம் என்று கப்பலூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். 1984-ம் வருஷத்து அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல்.

அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு டீ முடிகிற வரை பேசினார். "தம்பி, வீலைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டுற வேலைனு நினைச்சிராதீங்க. வீல் திருப்புறதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற ரேக் வேற வேணும். பெடல் எல்லாம் இடம் மாறணும், அதுக்குத் தகரத்துல ஓட்டை போடணும், பழைய ஓட்டைய அடைக்கணும். பிரேக் லைன் புதுசா வளைக்கணும். கியர் ஸ்டீயரிங் ராடுலயே இருக்கு, அந்த லிங்க்கேஜ் முழுசும் கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பணும். டேஷ்போர்டு, வைப்பர், ஹெட்லைட் எல்லாம் அப்புறம்." அம்பாசிடருக்கு மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அது இடது ஸ்டீயரிங்கிலும் விற்ற வண்டி என்பதால், தேடினால் இங்கிலாந்தில் சாமான் கிடைக்கலாம் என்றார். இன்றைய கார் என்றால் ஏர்பேக், எலக்ட்ரிக் ஸ்டீயரிங், வயரிங் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதைத் தொடவே மாட்டேன் என்றும் சொன்னார்.

இன்னொரு வழியும் உண்டு. வலது பக்க ராடை அப்படியே விட்டுவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் செயின் போட்டு இடது பக்க வீலோடு இணைத்துவிடுவது. செலவு குறைவு. "செயின் அறுந்துச்சுன்னா உங்க அக்கா கையில வெறும் வளையம்தான் மிச்சம் இருக்கும்" என்று அவரே அந்தப் பேச்சை முடித்துவிட்டார். வேலையைப் பிடித்துக் காசு பார்த்திருக்கலாம். மாறாக, "மொதல்ல அந்த ஊர்ல மாத்தச் சொல்றாங்களானு கேளுங்க" என்று அனுப்பிவைத்தார்.

கேட்டோம். மாற்றச் சொல்லவில்லை! தயாராகி 25 வருஷம் தாண்டிய வண்டியை அமெரிக்கா தன் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுத்தாமல் உள்ளே விடுகிறது; ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. அங்கே கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகிறவர்களில் பலர் வலது ஸ்டீயரிங் வண்டிதான் ஓட்டுகிறார்கள். பர்மாவிலும் 1970-ல் சாலையின் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தவர்களை வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். வலது ஸ்டீயரிங் வண்டிகள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முந்தும்போது எதிரே வருவது தெரியாது என்பது உண்மையான சிரமம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வர வைத்திருக்கும் வண்டி எவனை முந்தப் போகிறது?

தம்பி துபாயில் இருக்கிறான், அவனுக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு. அங்கே வலது ஸ்டீயரிங் வண்டியைப் பதிவு செய்ய மாட்டார்கள். கேரள நம்பர் பிளேட்டோடு வளைகுடாவில் சுற்றும் வண்டிகளின் படங்களைப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். அவை கார்னே என்ற ஆவணத்தில் சுற்றுலாவுக்குப் போகிற வண்டிகள், குறித்த காலத்துக்குள் திரும்பியாக வேண்டும். இன்னொன்று, அனுப்புவதற்கு முன் இங்கேயே மாற்றினால் ஆர்.சி.யில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அப்படி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

இன்ஜின் விஷயத்தில் எங்களுக்கு யோகம். அமெரிக்காவில் புகை விதியிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் வண்டிக்கு 21 வருஷம் ஆகியிருக்க வேண்டும், இன்ஜினும் கம்பெனியில் வந்தபடி இருக்க வேண்டும். நம் பக்கத்து அம்பாசிடர்களில் எத்தனை டீசலுக்கு மாறின என்பது எல்லோருக்கும் தெரியும். டாக்ஸிக்காரர்கள் பேச்சைக் கேட்டு அப்பாவும் ஒரு சமயம் ஆசைப்பட்டார். அம்மாதான் சத்தத்துக்குப் பயந்து தடுத்துவிட்டார்.

உண்மையான அலைச்சல் காகிதத்தில்தான். ஆர்.சி. இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது. தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தம்பியும் அக்காவும் சம்மதக் கடிதம், உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றக் கொடுக்கும் படிவம் 31, பசுமை வரி பாக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக முடித்து என் பெயருக்கு மாற்றினேன். வண்டி மேல் எச்.பி., அதாவது கடன் அடமானம், ஏதும் இல்லாதது பெரிய நிம்மதி. பிறகுதான் சேசிஸ் நம்பர் வேலை காட்டியது. பழைய ஆர்.சி. புத்தகத்தில் இருந்த ஓர் எழுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றியபோது எண்ணாக மாறியிருந்தது. கஸ்டம்ஸ், கப்பல் ரசீது, வண்டி இறக்குமதிக்கான அமெரிக்க எச்எஸ்-7 படிவம் எல்லாவற்றிலும் அந்த நம்பர் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். தகட்டின் மேல் இருந்த பெயின்டைத் தின்னர் விட்டுத் துடைத்து, பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் திருத்தினார்கள். வண்டியை அனுப்ப நினைப்பவர்கள் மற்ற எதையும் தொடுவதற்கு முன் இந்த அச்சை எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட் போனில் முதலில் கேட்டது, "அடியில மண் இருக்கா சார்?" அமெரிக்க விவசாயத் துறை வெளிநாட்டு மண்ணை விடாது. அடியில் மண் ஒட்டியிருந்தால் துறைமுகத்திலேயே நிறுத்தி, கழுவச் சொல்லி, செலவையும் நம் தலையில் கட்டுவார்கள். எங்கள் வண்டியோ திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக்குப் போய்வந்த வண்டி. மட்கார்டுக்கு உள்ளே கரிசல் மண் காய்ந்து சிமென்ட் பூசினாற்போல இறுகிக் கிடந்தது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, நீராவி அடித்தார்கள். கட்டி கட்டியாக விழுந்தது. டிக்கி ஸ்டெப்னிக் குழியில் நெல்லும் வைக்கோலும் இருந்தன. வேக்குவம் போட்டு எடுத்தோம். முன்னால் கட்டியிருந்த எலுமிச்சை மிளகாயையும் கழற்றச் சொன்னார் ஏஜென்ட். அம்மாவுக்கு அது மனசே இல்லை. டேஷ்போர்டுப் பிள்ளையார் பித்தளை என்பதால் தப்பித்தார்.

கழுவிய வண்டியை மறுபடி ரோட்டில் ஓட்டினால் பட்ட பாடு வீண். அதனால் லாரியில் ஏற்றி அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி கொண்டுபோனோம். 20 அடி கண்டெய்னரில் அம்பாசிடர் தாராளமாக அடங்கியது. பெட்ரோலைக் கொஞ்சம் வைத்து மிச்சத்தை இறக்கி, பேட்டரி வயரைக் கழற்றி, நான்கு சக்கரத்தையும் பெல்ட்டால் கட்டினார்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைக்குக்கூடப் பூச்சி மருந்து அடித்த முத்திரை வேண்டும்; முத்திரை இல்லாத கட்டையை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைத்தார்கள். பெட்டி கொழும்பில் கப்பல் மாறிப் போனது.

அங்கே அக்கா மாற்றியது ஹெட்லைட் மட்டும். நம் ஊர் விளக்கு டிம்மில் இடது ஓரம் பார்த்து அடிக்கும், அங்கே அது எதிரே வருபவர் கண்ணில் போய்க் குத்தும். அம்பாசிடரின் 7 அங்குல வட்ட விளக்கு அங்கேயும் வழக்கத்தில் உள்ள அளவுதான் என்பதால் கடையில் வாங்கி மாட்டிவிட்டார். காரில் இருந்தபடியே காபி வாங்கும் ஜன்னல்களில் மட்டும் அத்தான் இடது சீட்டில் உட்கார்ந்து கையை நீட்ட வேண்டியிருக்கிறதாம்.