கெண்டைக்காலில் வெற்று உறை

கடலுக்குள் 18 மீட்டர் ஆழத்தில் முக்குளித்துக்கொண்டிருந்தபோது, கெண்டைக்காலில் கட்டியிருந்த கத்தியை எடுக்கக் குனிந்தேன். உறை இருந்தது. கத்தி இல்லை.

மணல்தரையில் ஒருக்களித்துக் கிடந்த ஒரு சரக்குக் கப்பலைச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். மூழ்கிய கப்பலில் மீன்கள் குடியேறும். மீனைத் தேடித் தூண்டில்கள் வரும். அறுந்த தூண்டில் நரம்பெல்லாம் துருப்பிடித்த விளிம்புகளில் சிக்கி அங்கேயே தங்கிவிடும். நைலான் எளிதில் மட்காது. நீருக்குள் கண்ணுக்கும் தெரியாது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்தியதுபோல் நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. நரம்பு சிலிண்டர் வால்வில் மாட்டியிருந்தது. என் கையும் கண்ணும் எட்டாத இடம்.

அப்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் நரம்பு உடலைச் சுற்றிக்கொள்ளும். அசையாமல் நின்று, மூச்சை நிதானமாக விட்டு, டார்ச்சை முன்னால் வேகமாக ஆட்டினேன். வழிகாட்டியாக வந்த பெண் திரும்பி வந்தார். மார்புப் பட்டையிலிருந்து விரல் நீளமே உள்ள ஒரு கொக்கி வெட்டியை உருவி, ஒரே இழுப்பில் அறுத்தார். அறுந்த துண்டுகளையும் விடாமல் பைக்குள் திணித்துக்கொண்டார். மூச்சுக் கருவியான ரெகுலேட்டரின் அளவுமானியில் காற்றழுத்தம் 110 பார் இருந்தது. நேரத்துக்குப் பஞ்சமில்லை; ஆனால் என் கையில் ஒன்றும் இல்லை.

படகில் ஏறியதும் உறையைப் பார்த்தோம். கத்தியைப் பிடித்துவைக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. குதிக்கும்போதே கத்தி போயிருக்கலாம். காற்றையும் எடைப்பட்டையையும் கவனமாகச் சரிபார்த்த நான் அந்த வளையத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"காலில் ஏன் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார் அவர். "காலிலேயே வலை சிக்கினால் எப்படிக் குனிவீர்கள்?"

வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் கட்டினேன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே, எந்தக் கையாலும் எட்டும் இடமே சரி என்றார். அவரிடம் இரண்டு இருந்தன. மார்பில் கொக்கி வெட்டி. அதன் கூர்முனை உள்ளே மறைந்திருப்பதால் உடையையோ கையையோ கிழிக்காது. நரம்புக்கும் மெல்லிய வலைக்கும் அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் தடித்த கயிறு அதன் வாய்க்குள் நுழையாது. அதற்காக, முதலுதவிக்காரர்கள் துணி வெட்டும் உறுதியான கத்தரிக்கோல் ஒன்றைப் பையில் வைத்திருந்தார்.

அடுத்த முக்குளிப்புக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. என் உபகரணங்கள் அத்தனையையும் படகின் தளத்தில் பரப்பி மறுபடி கட்டினோம். அளவுமானி தொங்கக் கூடாது. தொங்கினால் பவளத்தில் உரசி உடைக்கும். டார்ச்சை நான் மலையேறுபவர்களின் கொக்கியில் மாட்டியிருந்தேன். அதன் வாய் உள்நோக்கித் திறப்பதால், உரசும் எந்த நரம்பும் தானாக உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் மட்டுமே திறக்கும் போல்ட் கொக்கியைப் பொருத்தினோம். உலோகத்தை உலோகத்தோடு நேரே மாட்டாமல், கொக்கியை நைலான் கயிற்றால் டார்ச்சோடு கட்டினோம். உப்பேறிக் கொக்கி இறுகிவிட்டாலும் கயிற்றை அறுத்து விடுபடலாம்.

ஒன்றை மட்டும் மாட்டவே கூடாது. நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட மேலே மிதவை விடும்போது அதன் நூற்சுருளை உடம்போடு கோக்கக் கூடாது. சுருள் சிக்கிக்கொண்டால் மிதவை ஆளையே வேகமாக மேலே இழுத்துவிடும். அது நுரையீரலுக்கு ஆபத்து. கையில் பிடித்திருக்க வேண்டும். சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும்.

வெட்டியைக் கயிற்றால் கட்டலாமா என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. தொங்கும் எதுவும் சிக்கும் என்பது அவர் கட்சி. விரல் மரத்துப்போன நேரத்தில் நழுவினால் என்ன செய்வது என்பது என் கவலை. கடைசியில், அவர் கொடுத்த உபரிக் கொக்கி வெட்டியை மெல்லிய ரப்பர் கயிற்றில் கட்டிக்கொண்டேன். பலமாக இழுத்தால் கயிறு அறுந்துவிடும். மணிக்கட்டு வளையம் மட்டும் வேண்டவே வேண்டாம். கூரான பொருள் கையில் ஆடிக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாவது முக்குளிப்பில், 12 மீட்டரில், மணல்மேல் முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியை எடுத்தேன், வைத்தேன். வலது கையால் ஐந்து முறை, இடது கையால் ஐந்து முறை. இடது கையின் முதல் மூன்று முயற்சிகளில் உறையின் வாயே தட்டுப்படவில்லை.

மாலையில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கொக்கிகளின் வில்லை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துக் கழுவினேன். விமானத்துக்கு மூட்டை கட்டும்போது வெட்டும் கருவிகள் சரக்குப் பெட்டிக்குள் போயின. டார்ச்சின் உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்.

விடைபெறும்போது அவர் பையிலிருந்து அந்த நரம்புத் துண்டுகளை எடுத்துக் குப்பையில் போடப் போனார். நீளமான ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அதில் ஓர் அங்குலம் வெட்டிப் பார்க்கிறேன். ஒரே இழுப்பில் அறவில்லை என்றால் அலகை மாற்றுகிறேன்.